மலைமேல் ஆட்டமும் பாட்டும்: படம்பிடிக்க இறங்கும் புதியவர்களுக்கு

ஊட்டியிலோ கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ சாயங்கால நிகழ்ச்சி என்றால், ஆறு மணிக்குமேல் மேகம் மண்டபத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். சமவெளி சபாக்களில் பழகிய கை இங்கே முதல் அரைமணி நேரம் தடுமாறுவது அதனால்தான். லென்ஸில் ஈரம் படியும். பாட்டரி பாதியிலேயே இறங்கும். ஆட்டோ ஃபோகஸ் அலையும். தகரக் கூரையில் மழை விழுந்தால் பாட்டே கேட்காது. எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. ஆனால் பரதமோ, நீலகிரி படுகர் ஆட்டமோ, மெட்டல் பேண்டோ, எதைப் பிடித்தாலும் இரண்டை மட்டும் கோட்டைவிடாதீர்கள்: ஒலி உடையக் கூடாது, ஆடுபவரின் பாதம் ஃப்ரேமை விட்டுப் போகக் கூடாது. நிறம் மாறிப்போனாலும் கொஞ்சம் இருட்டாக வந்தாலும் எடிட்டிங்கில் தேற்றிவிடலாம். உடைந்த ஒலியையும் வெட்டுப்பட்ட காலையும் தேற்ற முடியாது.

போவதற்கு முன்

முந்தின நாளே இடத்தைப் பாருங்கள், அதுவும் நிகழ்ச்சி நடக்கப்போகும் அதே நேரத்தில். காலையில் பளிச்சென்று வெயிலடிக்கும் மைதானம் மாலை நான்கு மணிக்கு வெள்ளைத் திரை போட்டதுபோல் ஆகிவிடும். போன இடத்தில் நான்கு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: மைக்செட்காரர் யார், விளக்குகள் பழைய மஞ்சள் விளக்கா எல்இடியா, ஜெனரேட்டர் எந்தப் பக்கம் நிற்கும், தரை மரப்பலகையா சிமென்ட்டா.

கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். மலையில் பழைய கட்டடங்கள் பலவற்றில் பலகைத் தரைதான். ஆடுபவர் தட்டடவு போட்டால் பத்தடி தள்ளி நிற்கும் ட்ரைபாடும் சேர்ந்து ஆடும். நடுக்கூடத்தில்தான் பலகை அதிகம் துள்ளும். சுவரோரமாக, பலகையைத் தாங்கும் உத்தரம் சுவரில் உட்காரும் இடத்தில் துள்ளல் குறைவு. ஸ்டாண்டை அங்கே கொண்டுபோய், மூன்று காலுக்கும் அடியில் மடித்த சாக்கோ ரப்பர் மேட்டோ போடுங்கள். நடுக் கம்பியை உயர்த்த வேண்டாம். உயரம் வேண்டுமானால் கால்களை நீட்டுங்கள்.

அனுமதி அடுத்தது. மேடை நிகழ்ச்சியில் ஏற்பாட்டாளர் சரி என்றால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 38ஆம் பிரிவு, நிகழ்த்தும் கலைஞருக்கே தனி உரிமை கொடுக்கிறது. பாடுபவர், வாசிப்பவர், ஆடுபவர் எல்லோரிடமும் ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்: எங்கே வெளியிடப்போகிறோம், காசுக்கா இலவசமா, எவ்வளவு நீளம்.

ஊர் விழா என்றால் தாள் போதாது, ஆளைப் பார்க்க வேண்டும். படுகர் ஊரான ஹட்டியிலும் கோத்தர் ஊரான கோக்காலிலும் ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டிப் போய்க் கேளுங்கள். எந்த இடம் வரை கேமரா வரலாம், எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், எந்தச் சடங்கைப் பிடிக்கவே கூடாது என்று அவர்களே சொல்வார்கள். தோடர் குடியிருப்புகளான மந்துகளில் எருமைப் பால் சார்ந்த கோவிலை வெளியாள் நெருங்கக் கூடாது. தூரத்திலிருந்து ஜூம் போடுவதும் கேட்காமல் செய்யக் கூடாத வேலைதான். விழாவன்று காலை கழுத்தில் கேமராவோடு போய் நின்று கேட்டால், கேட்டதாகவே கணக்கில்லை.

வெளியூர் வண்டியில் சாமான் ஏற்றி வருபவர்கள் இ-பாஸை மறக்க வேண்டாம். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அந்த முறை வந்தது. கிளம்புமுன் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மே மாதக் கோடை விழா, மலர்க் கண்காட்சி நாட்களில் சோதனைச் சாவடியிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். திறந்தவெளியில் இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும். அதனால் நிகழ்ச்சியின் கடைசிப் பகுதி அவசரமாக ஓடும், தில்லானாவும் பேண்டின் முக்கியப் பாட்டும் அங்கேதான் வரும். மெமரி கார்டை மாற்றுவதென்றால் ஒன்பதே காலுக்கே மாற்றிவிடுங்கள்.

குளிரும் ஈரமும்

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்லின்மேல் உறைபனி விழும். லித்தியம் பாட்டரி குளிரில் சோம்பும்; சமவெளியில் ஒன்றரை மணி நேரம் ஓடுவது இங்கே ஒரு மணியிலேயே எச்சரிக்கை காட்டலாம். இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்கு ஒரு கேமராவுக்கு நான்கு பாட்டரி வைத்துக்கொள்ளுங்கள். ஓடாத மூன்றும் ஸ்வெட்டருக்கு உள்ளே, உடம்புச் சூட்டோடு இருக்கட்டும். இறங்கிவிட்டதாகக் காட்டும் பாட்டரியைச் சட்டைப்பையில் பதினைந்து நிமிடம் வைத்தால் இன்னும் சில நிமிடம் கொடுக்கும், ஆபத்துக்கு உதவும்.

ஈரத்தில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றே. குளிரில் கிடந்த கேமராவை நேராக ஆள் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுபோய்ப் பையைத் திறக்கிறார்கள். உள்ளே நூறு பேர் மூச்சு, வெதுவெதுப்பு, ஈரம். குளிர்ந்த கண்ணாடிமேல் அது அப்படியே படியும், டீ டம்ளர் பக்கத்தில் மூக்குக்கண்ணாடி மங்குவதுபோல. துணியால் துடைத்தால் மறுபடி படியும். லென்ஸுக்கு உள்பக்கம் படிந்தால் துடைக்கவும் வழியில்லை. கேமராவை வெளியிலேயே காற்றுப் புகாத உறையில் போட்டு, உறையோடு உள்ளே கொண்டுபோய், அரைமணி முதல் முக்கால் மணி நேரம் விட்டுவிட்டுத் திறங்கள். ஈரம் உறையின் வெளிப்பக்கத்தில் படியும், கேமரா தப்பிக்கும்.

வீட்டுக்கு வந்தபின் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பா. மலையில் பீரோவில் வைத்த லென்ஸில் ஒரே மழைக்காலத்தில் சிலந்தி வலைபோல் பூஞ்சை ஓடிவிடும். தோல் பையில் வைப்பது இன்னும் மோசம்.

குளிர் வாத்தியங்களையும் விடாது. ஈரத்தில் மிருதங்கத் தோல் தளரும், நாதஸ்வரத்தின் சுருதி இறங்கும். மின்னணு சுருதிப்பெட்டி மட்டும் அசையாது. அதனால் கலைஞர்கள் அடிக்கடி சுருதி சேர்ப்பார்கள். அந்த நேரத்தில் ரெக்கார்டிங்கை நிறுத்தாதீர்கள். நிறுத்தியவர்கள் அடுத்த உருப்படியின் முதல் அடியை இழந்திருக்கிறார்கள். தப்பு, பறை வகை மேளங்களை நெருப்பில் காட்டித் தோலை முறுக்கேற்றுவதும் படத்துக்கு உகந்த காட்சி: கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, தீயின் வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷர் வைத்து, விரல் தோலைத் தட்டிப் பார்க்கும் வரை விடாமல் பிடியுங்கள்.

கேமராவில் வைக்க வேண்டியவை

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் வினாடிக்கு 100 தடவை மினுங்கும். அதனால் வினாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. வேகமான ஆட்டத்துக்கு 50 ஃப்ரேம், ஷட்டர் 1/100. இந்த இரண்டை விட்டு 1/60, 1/125 என்று போனால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஏறி இறங்கும். மலிவான எல்இடி பார் விளக்குகள் டிம்மரில் இருக்கும்போது வேறு வேகத்தில் மினுங்கும். அப்போது ஒளியமைப்பாளரிடம் சொல்லி வெளிச்சத்தை முழுமைக்கு ஏற்றச் சொல்வது எந்த செட்டிங்கையும்விட நல்லது.

எக்ஸ்போஷரை ஆட்டோவில் விட்டால் இரண்டு விதமாகக் கெடும். இருட்டு மேடையில் ஒற்றை விளக்குக்கு அடியில் ஆடுபவரைக் கேமரா பிரகாசமாக்கி முகத்தை வெள்ளையாக்கும். மூடுபனியிலும், படுகர் விழாவில் நூறு பேர் வெள்ளை உடுத்தி நிற்கும்போதும் நேர்மாறாகச் செய்யும்: வெள்ளையைச் சாம்பலாக்கும், முகங்கள் கறுத்துப்போகும். மேனுவலில் வையுங்கள். ஜீப்ராவை (வெளிச்சம் மிஞ்சும் இடத்தில் கோடு காட்டும் வசதி) 95இல் போட்டு, வெள்ளை முண்டின் மடிப்புகள் தெரியும் அளவில் நிறுத்துங்கள். வெண்சமநிலையும் (ஒயிட் பேலன்ஸ்) பூட்டியே இருக்கட்டும்: மஞ்சள் விளக்குக்கு 3200 கெல்வின், பகலுக்கு 5600, மேகத்துக்குள் 6500.

ஃபோகஸும் கைமுறைதான். ஆட்டோ ஃபோகஸுக்கு மேகம் பிடிக்காது. மெட்டல் மேடையில் விடும் புகையும் அதற்கு மேகம்தான்.

லென்ஸ் கணக்கு எளிது. மேடை அகலம் 6 மீட்டர், நீங்கள் நிற்பது 12 மீட்டர் தள்ளி என்றால், ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 70 மி.மீ., ஏபிஎஸ்-சி என்னும் சிறிய சென்சாரில் 47 மி.மீ. போட்டால் மேடை முழுக்க வரும். நெருங்கிப் பிடிக்கும் இரண்டாவது கேமராவுக்கு அதைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. கார்டுக்கும் கணக்கு உண்டு: வினாடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. பழைய கேமராக்கள் பல 29 நிமிடம் 59 வினாடியில் தானே நின்றுவிடும், அதைத் தெரிந்துகொள்ளாமல் பரதத்தின் நீண்ட உருப்படியான வர்ணம் பிடிக்கப் போகாதீர்கள்; வர்ணமே அரைமணியைத் தாண்டும்.

போனில் பிடிப்பவர்கள் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். பல்லவி நடுவே வரும் ஓர் அழைப்பு ரெக்கார்டிங்கை நிறுத்திவிடும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். ஃப்ரேமும் ஷட்டரும் கைக்கு வர வேண்டுமானால் பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசமாகவே கிடைக்கிறது.

ஒலி

இங்கேதான் நேரமும் காசும் போக வேண்டும். கேமராவில் உள்ள மைக்கை, பின்னால் படத்தோடு ஒலியைப் பொருத்துவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தனி ரெக்கார்டர் ஒன்று, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஆட்டோ லெவலை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் தாளம் தட்டும்போது குரலை அமுக்கி, தட்டு நின்றதும் கூட்டத்தின் இருமலைத் தூக்கிவிடும். ஒத்திகையில் எவ்வளவு சத்தமோ அதைவிட மேடையில் கூடும் என்று வைத்துக்கொண்டு, உச்சம் மைனஸ் 12 டெசிபெலுக்குக் கீழே நிற்கும்படி வையுங்கள். மிகச் சின்னச் சத்தம் முதல் மிகப் பெரிய சத்தம் வரை பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வைத்திருப்பவர்கள் லெவல் பார்க்கத் தேவையில்லை என்பார்கள். மைக்கே தாங்காமல் ஒலி உடைந்தால் எந்த ஃப்ளோட்டும் காப்பாற்றாது. தவிலுக்கு நான்கடியில் மைக் வைத்துப் பாருங்கள், புரியும்.

மைக்செட்காரரை முதலில் பார்த்து வணக்கம் சொல்லுங்கள். அவர் மிக்சரிலிருந்து ஒரு லைன் எடுக்க வேண்டும். அது லைன் லெவல். கேமராவின் மைக் துளையில் நேராகச் செருகினால் ஒலி கரகரத்துப் போகும். ரெக்கார்டரில் லைன் என்று மாற்றுங்கள், அந்த வசதி இல்லாவிட்டால் லெவலைக் குறைக்கும் பேட் ஒன்றை நடுவில் போடுங்கள். மைக்குக்கு ரெக்கார்டர் அனுப்பும் 48 வோல்ட் மின்சாரம் (ஃபேன்டம்) அணைந்திருக்கிறதா என்று செருகுவதற்கு முன்பே பாருங்கள்; அது மிக்சரின் அவுட்புட்டைக் கெடுக்கலாம். ஜெனரேட்டரில் ஓடும் இடத்தில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்தால், கேமராவையும் ரெக்கார்டரையும் பாட்டரியில் ஓட்டுங்கள், பெரும்பாலும் போய்விடும். போகவில்லையானால் ஒலிக் கம்பியின் நடுவில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும், சில நூறு ரூபாய்ச் சாமான்தான்.

மிக்சர் லைன் மட்டும் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. மிக்சரில் இருப்பது மைக் வைத்த ஒலி மட்டுமே. சிறிய மண்டபத்து மெட்டல் நிகழ்ச்சியில் டிரம்ஸும் கிடார் ஆம்ப்பும் தாமாகவே அதிரும். அவற்றுக்கு மைக் போடவே மாட்டார்கள். வீட்டுக்கு வந்து கேட்டால் தொண்டை கிழியக் கத்தும் ஒரு குரல் மட்டும் தனியாக இருக்கும். பரதத்தில் நட்டுவாங்கத் தாளம் காதைக் குத்தும், சலங்கை இருக்காது. அதனால் எப்போதும் இரண்டு: மிக்சர் லைன் ஒன்று, கூடத்தில் நிற்கும் ஸ்டீரியோ மைக் ஒன்று. கூடத்து மைக் ஆட்களின் தலைக்குமேல், இரண்டரை மீட்டர் உயரத்தில். மூலையில் வேண்டாம், அங்கே கீழ்ச்சுருதி குவியும். பரதத்துக்கு மேடை விளிம்பில், தரையில் சின்னத் துணி மடிப்பின்மேல் கூடுதலாக ஒரு மைக் வைத்தால் சலங்கை வரும்.

இரண்டு ஒலியையும் சேர்க்கும்போது கவனம். குளிர்ந்த காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 338 மீட்டர் போகும். மேடையிலிருந்து 20 மீட்டரில் இருக்கும் மைக்குக்கு ஏறக்குறைய 60 மில்லி வினாடி தாமதம், 25 ஃப்ரேம் படத்தில் ஒன்றரை ஃப்ரேம். அப்படியே கலந்தால் கிணற்றுக்குள் பாடியதுபோல் இருக்கும். கூடத்து மைக்கின் டிராக்கை அத்தனை முன்னே நகர்த்துங்கள். இதற்காகவே தொடக்கத்திலும் முடிவிலும் மேடைமேல் நின்று ஒருவர் பலமாக ஒரு கைதட்டு தட்டட்டும். முடிவில் எதற்கு என்றால், தனித்தனி ரெக்கார்டர்கள் ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு ஃப்ரேம் விலகும். இரண்டாவது கைதட்டு இருந்தால் எவ்வளவு விலகியது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

வெளியில் என்றால் மைக்குக்கு முடி உறை கட்டாயம். ஸ்பாஞ்ச் மட்டும் போட்டு மலைக்காற்றில் நின்றால் தடதட என்று மட்டும்தான் பதியும். மழைக்கு ஒரே வழிதான்: தகரக் கூரையில் மழை இறங்கிவிட்டால் கூடத்து மைக்கை எடிட்டிங்கில் மூடிவிட்டு மிக்சர் லைனை நம்ப வேண்டியதுதான். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் அக்டோபர், நவம்பரில் நிகழ்ச்சி என்றால் எல்லா வாத்தியத்துக்கும் மைக் போடச் சொல்லி முன்பே கேட்டுவிடுங்கள்.

எதை எப்படிப் பிடிப்பது

பரதத்தில் முதல் கேமரா ஆடுபவரின் இடுப்பு உயரத்தில், நேர் நடுவில், அசையாமல். தலைக்குமேல் உயர்த்திய கைக்கும் காலடிக்குக் கீழே ஒரு சாண் தரைக்கும் இடம் விடுங்கள். மேலிருந்து பிடித்தால் அரைமண்டி குட்டையாகத் தெரியும். ஆடியவர் பார்த்தால் வருத்தப்படுவார், நியாயம்தான். இரண்டாவது கேமரா எப்போது நெருங்குவது என்பதற்கு வர்ணத்திலேயே விடை இருக்கிறது. ஜதிச் சொற்கட்டு ஓடும்போது முழு உடம்பு, அதை முடித்துவைக்கும் தீர்மானம் முடியும் வரை. சாகித்யத்துக்கு அபிநயம் வரும்போது இடுப்புக்குமேல். பதத்தில் முகம். ஜதி நடுவே முகத்துக்குப் போகிறவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அழகைப் பார்க்கிறார்.

கச்சேரியில் பாடகர் முகத்திலேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டாம். தனி ஆவர்த்தனத்தில் கைதான் படம். மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது கறுப்புத் திட்டு உள்ள பக்கம், பெரும்பாலும் கூட்டத்தைப் பார்த்திருக்கும்படிதான் உட்காருவார்கள். இடக்கைக்காரர் என்றால் பக்கம் மாறும். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கை வாசிப்புக்காரர், அவர் வந்தால் மேடை வரிசையே யோசிக்க வேண்டியிருந்தது. ஆகவே ஆட்கள் உட்கார்ந்த பிறகே இரண்டாவது கேமராவுக்கு இடம் குறியுங்கள்.

வட்டமாக ஆடும் ஆட்டங்களில், படுகர் ஆட்டமோ கோத்தர் ஆட்டமோ, ஒரு சூட்சுமம் உண்டு. வட்டத்துக்கு வெளியே எந்தப் பக்கம் நின்று பிடித்தாலும், உங்களுக்கு முன்னால் இருப்பவர்கள் ஒரே திசையில்தான் நகர்வார்கள். இரண்டு வெளிக் கேமராவையும் கவலையில்லாமல் வெட்டி ஒட்டலாம். உள்ளே போய் ஒரு ஷாட் எடுத்துவிட்டால் திசை தலைகீழாகிவிடும்; ஒட்டும்போது கூட்டம் திடீரென்று திரும்பி நடப்பதுபோல் தெரியும். உள்ளே போவதற்கு அனுமதியும் எளிதில் கிடைக்காது, அதுவும் நல்லதுக்கே. சின்ன திட்டு ஒன்றின்மேல் ஒரு கேமரா, காலடி உயரத்தில் ஒன்று, அது போதும். ஒரே அடி பத்து நிமிடம் திரும்பத் திரும்ப வரும், சலிக்காமல் முழுச் சுற்று இரண்டையாவது நிறுத்தாமல் எடுங்கள். அடி எங்கே வேகம் மாறுகிறது என்பது அப்போதுதான் பிடிபடும். ஊதுகுழலுக்கும் கொம்புக்கும் ரெக்கார்டரை நான்கைந்து மீட்டர் தள்ளி, ஆள் உயரத்துக்குமேல் வையுங்கள்.

மெட்டலுக்குக் காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள், விளையாட்டில்லை. ஸ்டாண்டை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் காலால் மிதிக்கும் டபுள் கிக் டிரம் விழும்போதெல்லாம் படம் அதிரும். மேடைக்கு முன்னால் கூட்டம் மோதிக்கொள்ளும் இடத்தில் ஸ்டாண்டே கூடாது. அங்கே கையில் சின்னக் கேமரா, பின்னால் பிடித்துக்கொள்ள ஓர் ஆள். நீல, சிவப்பு எல்இடியில் முகம் ஒரே வண்ணத் திட்டாகிவிடும், வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்தே எடுங்கள். கிடார் சோலோவில் எல்லாரும் வலக்கையை எடுப்பார்கள். வாசிப்பு தெரிவது கட்டைமேல் ஓடும் இடக்கையில். பாட்டு வரிசையை முன்பே வாங்கி, எந்தப் பாட்டில் சோலோ எப்போது என்று கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கிய பிறகு

மலைப்பாதையில் இறங்குவதற்கு முன்பே இரண்டு நகல். ஒன்று கார்டில், ஒன்று டிஸ்க்கில், இரண்டும் வேறு வேறு பையில். சுழலும் ஹார்டு டிஸ்க்கை ஓடும் வண்டியில் இயக்க வேண்டாம். ஊட்டி–மசினகுடி சாலையில், கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் நகல் எடுக்க நினைப்பவருக்கு எஸ்எஸ்டிதான் சரி.

வெட்டும்போது தாளத்தைக் கேளுங்கள். கோர்வை என்னும் தாளக் கணக்கு ஓடும்போது வெட்டக் கூடாது. அது முடிந்து அறுதி விழுந்து, தாளத்தின் முதல் அடியான சமம் வந்ததும் மாறுங்கள். மெட்டலில் ஒவ்வோர் அடிக்கும் வெட்டத் தோன்றும். நிமிடத்துக்கு 200 அடி என்றால் ஓர் அடி ஏழரை ஃப்ரேம், வெட்டு ஏழிலும் எட்டிலும் மாறி மாறி விழுந்து தள்ளாடும். நான்கு அடிக்கு ஒன்று, முப்பது ஃப்ரேம், கணக்காக உட்காரும். முதல் நகலை வெளியிடும் முன் ஆடியவருக்கும் வாசித்தவருக்கும் அனுப்புங்கள். எந்த இடத்தில் கால் தெரியவில்லை என்று அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள்.